காவடித் தண்டும் கால் கணக்கும்

பங்குனி உத்திரம் நெருங்கினால் கொடுமுடிக் காவிரியில் தீர்த்தம் எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் பழனிக்கு நடப்பார்கள். எந்த வழியில் போனாலும் 80 கிலோமீட்டருக்குக் குறையாது. நான் முதல் தடவை போனபோது பெரியப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "உன்ற நடைய நீ நட கண்ணு. அடுத்தவன் நடைய நடந்தீன்னா தாராபுரம் தாண்டமாட்டே."

ஏதோ பழைய ஆள் பேச்சு என்று நினைத்தேன். உடலியங்கியல் படித்தபோதுதான் அது எவ்வளவு துல்லியம் என்று தெரிந்தது.

ஊன்றிய கால் நேராக நிற்கும் நொடியில் இடுப்பு சில சென்டிமீட்டர் உயர்கிறது; வேகம் சற்றுக் குறைகிறது. அப்புறம் உடல் முன்னால் சாய்ந்து இறங்கும்போது அந்த உயரமே வேகமாக மாறுகிறது. அந்த வேகம் அடுத்த காலின் மேல் உடலை மறுபடி ஏற்றிவிடுகிறது. நம் தோட்டங்களில் எருது பூட்டித் தண்ணீர் இறைக்கும் 'கவலை' ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எருதுகள் சரிவில் இறங்க இறங்க, அவற்றின் எடையும் சேர்ந்து தண்ணீர்ச் சாலை (இறைக்கும் பாத்திரத்தை) கிணற்றிலிருந்து மேலே இழுக்கும். இறக்கம் வீணாகாது. சரியான வேகத்தில் நடந்தால் ஒவ்வொரு அடியிலும் இந்த ஆற்றலில் பாதிக்கு மேல் இப்படித் திரும்பக் கிடைக்கிறது. மிச்சத்துக்குத்தான் தசைகள் உழைக்க வேண்டும்.

அந்தச் 'சரியான வேகம்' பெரும்பாலோருக்கு மணிக்கு 4.5 முதல் 5 கிலோமீட்டர். வேகத்தைக் கூட்டினால் மட்டுமல்ல, குழந்தைகளுக்காக மெதுவாக நடந்தாலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு ஏறுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே உடல் அந்த வேகத்தைத் தேடிப் பிடித்துக்கொள்கிறது. பெரியப்பா சொன்னது இதைத்தான்.

60 கிலோ எடையுள்ளவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறத்தாழ 50 கிலோ கலோரி போதும். மொத்தப் பயணத்துக்கும் கணக்குப் போட்டால் அரைக் கிலோ கொழுப்புக்குச் சமம், அவ்வளவுதான். எடை குறையும் என்று கிளம்புகிறவர்கள் வழிநெடுக இருக்கும் அன்னதானப் பந்தல்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சரி, தோளில் இருக்கும் காவடி? தண்டு வளைந்து கொடுத்தால் சுமை லேசாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 1991இல் ராட்ஜர் கிராம் என்ற ஆய்வாளர் வளையும் கம்பங்களின் முனைகளில் சுமை கட்டி ஆட்களை ஓடவிட்டு அளந்தார். ஆற்றல் செலவு குறையவில்லை. ஆனால் உடல் மேலும் கீழும் ஆடினாலும் சுமை கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போனது. ஒவ்வொரு அடிக்கும் தோளில் விழும் இடி குறைந்தது. வயிற்றுக்கு மிச்சமில்லை, தோளுக்குத்தான் மிச்சம்.

செருப்பில்லாத கால்களைப் பார்த்து நகரத்துக்காரர்கள் பதறுவார்கள். காய்ப்பு ஏறிய பாதம் மரத்துப்போன பாதம் அல்ல. கென்யாவில் நடந்த ஓர் ஆய்வு 2019இல் வெளிவந்தது: காய்ப்பு எவ்வளவு தடித்திருந்தாலும் தரையை உணரும் திறன் குறையவில்லை. உண்மையான ஆபத்து என்னைப் போல வருஷம் முழுக்கச் செருப்போடு திரிந்துவிட்டு அன்றைக்கு மட்டும் கழற்றுகிறவர்களுக்குத்தான். அதிலும் ஈரக்காலோடு நடக்கவே கூடாது. ஈரப்பதம் ஏறிய தோல் தரையை அதிகமாகப் பற்றுகிறது. உள்ளே எலும்பு நகர, மேல்தோல் நகராமல் நிற்க, இடையில் இருக்கும் அடுக்கு கிழிந்து நீர் கோத்துக்கொள்கிறது. கொப்புளம் அப்படித்தான் வருகிறது. பழகியவர்கள் கால் கழுவியதும் துண்டால் விரலிடுக்கு வரை துடைத்துவிட்டுத்தான் எழுவார்கள்.

மலை ஏறியதைவிட இறங்கியதுதான் என்னைப் படுத்தியது. இறங்கும்போது தொடைத் தசை சுருங்க முயன்றுகொண்டே நீள வேண்டியிருக்கிறது. அதில் நுண்ணிய இழைகள் சேதமாகின்றன. லாக்டிக் அமிலத்தின் மேல் பழி போடுவார்கள், ஆனால் அது ஓரிரு மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும். இந்த வலி ஒரு நாள் கழித்துத்தான் முழுசாக வருகிறது. அன்று பேருந்தில் நன்றாகத்தான் தூங்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் காலை வீட்டுத் திண்ணைப் படியில் பின்பக்கமாகத் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பெரியப்பா அதற்குள் தோட்டத்துக்குப் போயிருந்தார்.