முடிவையும் பாஸ்டரே எடுக்க வேண்டுமா?

இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஊழியம் செய்கிற யாரைக் கேட்டாலும் சரி, போனில் வருவது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். "பாஸ்டர், மகளுக்குக் கொழும்பில் வேலை கிடைச்சிருக்கு, அனுப்பலாமான்னு ஜெபம் பண்ணிச் சொல்லுங்க." "வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்காரர் கூப்பிடுறார், ஆண்டவர் என்ன சொல்றார்?" கேட்பவர்களில் பலர் ஞானஸ்நானம் எடுத்துப் பல வருஷம் ஆனவர்கள், உபவாச ஜெபத்துக்கு முதல் ஆளாக வந்து உட்காருகிறவர்கள். ஜெபிக்கச் சொல்வதில் தப்பே இல்லை. முடிவையும் சேர்த்துக் கேட்கிறார்களே, அதுதான் எனக்குக் கவலை. அப்படிக் கேட்கப்படுவது ஊழியக்காரர்களாகிய எங்களில் சிலருக்குப் பிடித்தும் இருக்கிறது.

வேதாகமத்தில் எபிரெயர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசியில், இன்னும் பால்தான் குடிப்பேன் என்றிருக்கிற விசுவாசிகளுக்குக் கடிந்துகொள்ளுதல் இருக்கிறது. வளர்ந்தவர் யார் என்பதற்கு அங்கே சொல்லப்படும் அடையாளம், நன்மை எது தீமை எது என்று பழகிப் பழகித் தானே பகுத்தறியத் தெரிவது. எத்தனை மணி நேரம் ஜெபிக்கிறார், ஆவியின் வரமான அந்நியபாஷை பேசுகிறாரா என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. கொரிந்து சபையைப் பாருங்கள். வரங்களில் உங்களுக்குக் குறைவே இல்லை என்று முதல் அதிகாரத்தில் எழுதிய பவுல், மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார். பொறாமை, வாக்குவாதம், நான் இன்னாருடைய ஆள் என்ற கட்சி, இவைதான் காரணம். தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் இருந்து நாலு சபைக்குப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்து முகம் திருப்பிக்கொள்வதை நாம் பார்க்காததா?

பகுத்தறிவது எப்படி என்று கேட்டால், நம் தோட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு அக்கா மாரியம்மன் திருவிழாப் பொங்கலைக் கொண்டுவந்து கொடுக்கிறார். வாங்கலாமா? பலர் எதிர்பார்ப்பது ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை. பவுலோ இதே மாதிரி, சிலைக்குப் படைத்ததைச் சாப்பிடலாமா என்ற பிரச்சினைக்கு 1 கொரிந்தியரில் 8-ஆம் அதிகாரம் தொடங்கி 10-ஆம் அதிகாரம் வரை எழுதுகிறார். விக்கிரகம் ஒன்றுமில்லைதான். ஆனாலும் சிலையின் பந்தியில் பங்குகொள்ளாதே. ஒருவர் விருந்துக்கு அழைத்தால் விசாரிக்காமல் சாப்பிடு. இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், அவனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடு. யார் பார்க்கிறார்கள், யாருடைய விசுவாசம் தடுமாறும், நான் எதற்காக வாங்குகிறேன் என்று யோசிக்க வைக்கிறார். அப்படி யோசித்து ஒரு அம்மா வாங்கிக்கொள்வார், இன்னொருவர் அன்பாக மறுப்பார். இரண்டும் வளர்ச்சிதான். நடுச்சுவரும் தண்ணீர்க் குழாயும் பொதுவாக இருக்கிற இடத்தில், பாஸ்டர் வேண்டாம் என்று சொன்னார் என்று தட்டைத் தள்ளிவிட்டால் அந்த அக்காவின் முகத்தை மறுநாள் யார் பார்ப்பது?

1854-இல் தோட்டத் தொழிலாளர்களுக்கான தமிழ் கூலி மிஷன் தொடங்கிய பிறகு, உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாகப் போய் சுவிசேஷத்தோடு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். இன்று வேதாகமம் எல்லோர் போனிலும் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் காலையில் வருகிற ஒற்றை வரி வாக்குத்தத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். பெரோயா பட்டணத்தார் பவுல் பிரசங்கித்ததையே, அது அப்படித்தானா என்று தினமும் வேதத்தில் தேடிப் பார்த்தார்களாம். அப்போஸ்தலர் 17 அதைப் பாராட்டிச் சொல்கிறது. பவுலுக்கே அந்தச் சோதனை என்றால் எனக்கு ஏன் வேண்டாம்? 1 தெசலோனிக்கேயர் 5-இல் தீர்க்கதரிசனத்தை அற்பமாக எண்ணாதே என்ற வசனத்துக்கு அடுத்த வசனமே, எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்பது. முதல் வசனத்தை மேடையில் உரக்கச் சொல்கிறோம், இரண்டாவதற்கு வரும்போது நேரம் முடிந்துவிடுகிறது.

இப்படிச் சோதித்துப் பழகாததால் வரும் ஆபத்து சாதாரணமானதல்ல. சுகமாகிவிட்டாய், இனி மாத்திரை வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம். வலிப்புக்கான மருந்தைத் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்ப வரலாம். மருந்தை நிறுத்துவதா என்பதைக் கிளினிக் டொக்டர்தான் சொல்ல வேண்டும், எந்த ஊழியக்காரனும் அல்ல. அதே போல, நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ காணிக்கை போடு, இரட்டிப்பாய் வரும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

போனில் கேட்கிறவர்களிடம் இப்போது நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த ஏஜென்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா? போனால் சின்னப்பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? புருஷன் என்ன சொல்கிறார்? அப்புறம் சேர்ந்து ஜெபிக்கிறோம். போவதா இல்லையா என்பதை அவர்கள் வீட்டில் பேசித் தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். இதில் சிலருக்கு என்மேல் வருத்தம். உடனே பதில் சொல்கிற இன்னொரு பாஸ்டரைத் தேடிப் போனவர்களும் உண்டு.