ஊர் மாறும் முன் எண்ண வேண்டியது சம்பளத்தை மட்டுமல்ல

வேலை ஆலோசனைக்காக என்னிடம் வருகிறவர்களில் பலர், பெருநகர நிறுவனம் கூடுதலாகத் தரும் தொகை அங்குள்ள வீட்டு வாடகைக்கே போய்விடாதா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், தங்கள் திறமை தேவைப்படும் நிறுவனங்கள் அந்த ஊரில் எத்தனை இருக்கின்றன என்று மிகச் சிலரே விசாரிக்கிறார்கள். நீண்ட கால வருமானத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதுதான்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கருவிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். சிறிய ஊரில் அத்தகைய கருவி ஒன்றோ இரண்டோ இருக்கும் என்பதால், அவருடைய நாளில் பாதி ஜெனரேட்டரிலும் ஏ.சி.யிலும் கழியும், சம்பளமும் பொதுப் பராமரிப்பு ஊழியருக்கு உரியதாகவே நின்றுவிடும். பெருநகரத்திலோ பல மருத்துவமனைகளும் கருவி விற்பனை நிறுவனங்களும் சர்வீஸ் ஒப்பந்தம் எடுப்பவர்களும் அவரைத் தேடுவதால், கற்ற வேலையை முழுநேரமும் செய்ய முடிகிறது. இவர் விலகினால் வேறிடம் காத்திருக்கிறது என்பது முதலாளிக்கும் தெரிந்திருப்பதால், சம்பளப் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. நிறுவனம் மூடப்பட்டாலும் அதே துறையில் மறுவேலை கிடைக்க வாய்ப்பு அதிகம்.

திறனாளர்களும் அவர்களைத் தேடும் முதலாளிகளும் ஓரிடத்தில் திரள்வதால் இரு தரப்பும் பயனடைவதைப் பொருளாதார அறிஞர் ஆல்பிரட் மார்ஷல் 1890-லேயே விளக்கினார். ஜெர்மனியில் 1985 முதல் 2014 வரையிலான தரவுகளை ஆராய்ந்தவர்கள், திறன் மிக்க ஊழியர்கள் அதிக ஊதியம் தரும் நிறுவனங்களில் சேரும் போக்கு பெருநகரங்களில் வலுவாக இருப்பதையும், அது காலப்போக்கில் மேலும் வலுத்ததையும் கண்டார்கள். மாட்ரிட், பார்சிலோனா போன்ற நகரங்களில் பெற்ற அனுபவத்தின் மதிப்பு, சிறிய ஊர்களுக்குத் திரும்பிய பிறகும் பெருமளவு நீடிப்பதாக ஸ்பெயின் நாட்டு ஆய்வு காட்டுகிறது. பெருநகரத்துக்குப் போனால் திரும்பவே முடியாது என்று அஞ்சுகிறவர்களுக்கு இதை நான் அவசியம் சொல்வேன்.

எனினும் இந்தப் பலன் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. எந்த ஊரிலும் ஒரே மாதிரி தேவைப்படும் பொதுவான வேலை தெரிந்தவருக்கு, திறமைக்குப் பொருத்தமான நிறுவனம் அமைவதால் வரும் ஆதாயம் குறைவு. அமெரிக்காவில் கல்லூரிப் படிப்பு இல்லாதவர்களுக்குப் பெருநகரங்கள் ஒரு காலத்தில் அளித்த கூடுதல் ஊதியம் 1980-களுக்குப் பிறகு வெகுவாகத் தேய்ந்துவிட்டது. அவர்களிடம் கண்ணை மூடிக்கொண்டு பெருநகரத்துக்குப் போங்கள் என்று சொல்வது பொறுப்பற்ற ஆலோசனை என்பது என் உறுதியான கருத்து. வயதும் முக்கியம்: மக்கள் நெருக்கமான நகரங்களில் இளையவர்கள் தொழிலை அடிக்கடி மாற்றிப் பார்க்கிறார்கள், அனுபவம் கூடியவர்களோ, பொருத்தமானது முன்பே அமைந்துவிடுவதால், குறைவாகவே மாறுகிறார்கள்.

ஆகவே கடைசியாக வெளிவந்த வேலை விளம்பரங்களைத் திரட்டி, உங்கள் திறமையைப் பெயர் சொல்லிக் கேட்கும் நிறுவனங்களைத் தனியே எண்ணுங்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்பவர்களானால், இருவருக்கும் தனித்தனியாக எண்ண வேண்டும். ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற ஊரில் மற்றவர் இழக்கும் சம்பளத்தையும் கூடுதலாகக் கிடைக்கும் தொகையிலிருந்து கழித்துவிடுங்கள்.