குடிமராமத்து: குடி நம்முடையது, மராமத்து?

கண்மாயின், அதாவது ஏரியின், கரை கரைந்து போனாலோ, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்து போனாலோ, வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து சரிசெய்ய வேண்டும். வர முடியாதவர் ஆள் அனுப்புவார், அல்லது கூலிக்குப் பணம் தருவார். இந்த ஊர் வழக்கத்துக்குத்தான் குடிமராமத்து என்று பெயர்.

சொல்லில் பாதிதான் தமிழ். மராமத்து அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக வந்தது. பழுதுபார்ப்பது என்று பொருள். பொதுப்பணித்துறையையே ஒரு காலத்தில் மராமத்து இலாகா என்றுதான் சொன்னார்கள். குடி என்பது இங்கே ஊரில் நிலைத்து வாழ்கிற, அந்தத் தண்ணீரில் பயிர் செய்கிற மக்கள்.

சொல் பிந்தியது, வேலை பழையது. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரியைத் தூர்வாருவது ‘குழி குத்துதல்’. அந்தச் செலவுக்கென்று விட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’. உத்தரமேரூரில் ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனி வாரியமே இருந்தது. காத்தவர்களுக்கு மரியாதையும் உண்டு: இப்படிப்பட்ட கொடைக் கல்வெட்டுகள் பல, ‘இந்த அறத்தைக் காத்தவர் பாதம் என் தலைமேல்’ என்கிற பொருளில் முடியும். கொடுத்தவர், பின்னாளில் காக்கப் போகிறவரின் காலைத் தலையில் வைத்துக்கொள்கிறார். பொன்னாடையெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வழக்கம் தளர்ந்ததும் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் 1858-இல் வந்த கட்டாய உழைப்புச் சட்டப்படி, குடிமராமத்துக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க இடம் இருந்தது. 2017-இல் தமிழக அரசு இதே பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் பாசன விவசாயிகளின் பங்கு 10 சதவீதம். மீதி அரசுப் பணம். குடி சுருங்கி, மராமத்து பெருத்துவிட்டது என்று எனக்குத் தோன்றும்.

சரி, தனித்தமிழில் என்ன சொல்லலாம்? ‘குடிமக்கள் பராமரிப்பு’ உதவாது; பராமரிப்பே வடமொழி வழி வந்த சொல். ‘ஏரி செப்பனிடல்’ சுத்தத் தமிழ்தான், ஆனால் செய்வது யார் என்பது அதில் இல்லை. ஒப்பந்தக்காரர் பொக்லைன் கொண்டுவந்து வாரினாலும் அது செப்பனிடல்தான். என்னைக் கேட்டால் ‘ஊர்ச்செப்பம்’ என்பேன். செய்கிற ஊரும் செய்கிற வேலையும் இரண்டும் அதில் இருக்கின்றன.