படம் பளிச்சென்று வந்தால் போதுமா? டிஜிட்டல் எக்ஸ்ரேயில் யாரும் பார்க்காத எண்கள்

"படம்தான் பளிச்சுனு வருதே, அப்புறம் எதுக்குங்க டெஸ்ட்டு?"

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எக்ஸ்ரே சென்டர் நடத்துகிறவர்களிடம் தரச் சோதனை என்று பேச்செடுத்தால் முக்கால்வாசிப் பேர் கேட்பது இதைத்தான். கேட்பவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஃபிலிம் காலத்தில் அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கதிர் கூடினால் ஃபிலிம் கருத்துப்போகும், குறைந்தால் வெளிறிப்போகும், டெவலப்பர் பழசானால் அதுவும் அன்றைக்கே தெரிந்துவிடும். டார்க் ரூமிலிருந்து வெளியே வரும்போதே தப்பு கையில் இருக்கும்.

டிஜிட்டலில் அந்த வசதி போய்விட்டது. ஃபிலிமுக்குப் பதில் கதிரை நேரடியாக வாங்கும் பேனலோ (டிஆர்), எடுத்த பிறகு ரீடரில் போட்டுப் படிக்கும் சிஆர் பிளேட்டோ வாங்கிய சிக்னலைக் கம்ப்யூட்டர் தானாகவே மேலும் கீழும் நகர்த்தி, கண்ணுக்கு இதமான ஒரு வெளிச்சத்தில் காட்டும். செல்போன் கேமரா எந்த இருட்டிலும் முகத்தைத் தூக்கிக் காட்டுகிற மாதிரி. அதனால் நோயாளிக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கதிர் போயிருந்தாலும் படம் நன்றாகவே இருக்கும். உண்மையைச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும். கதிர் குறைந்தால் மட்டும் படம் மணல் தூவியது போலப் பொரிப்பொரியாக வரும், ரேடியாலஜிஸ்ட் போன் போட்டுச் சத்தம் போடுவார். கூடினால் யாரும் சத்தம் போட மாட்டார்கள். ஒரு டெக்னீஷியன் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? எதற்கும் கதிரின் அளவைக் கூட்டிக் குறைக்கும் எம்ஏஎஸ்ஸைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்வோம் என்றுதான். இப்படி மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் டோஸ், அதாவது உடம்பு வாங்கும் கதிர் அளவு, ஏறிக்கொண்டே போவது உலகம் முழுக்கப் பேசப்படுகிற பழைய பிரச்சினை. சிஆரிலிருந்து டிஆர் பேனலுக்கு மாறிய ஒரு சென்டரில் சுவரில், எந்தப் படத்துக்கு எவ்வளவு கதிர் என்று சொல்லும் சிஆர் காலத்து எக்ஸ்போஷர் சார்ட் அப்படியே தொங்கியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே இருந்தது சீசியம் அயோடைடு பேனல், பாதி கதிரிலேயே அதே படத்தைத் தரக்கூடியது. லட்சக்கணக்கில் செலவழித்து பேனல் வாங்கினார்கள், சார்ட்டை மாற்ற ஒரு வெள்ளைத்தாள் வாங்கவில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ஒரு நெஞ்சுப் படத்தில் கிடைக்கும் டோஸ் சுமார் 0.02 மில்லிசீவர்ட்தான். இயற்கையிலிருந்தே நமக்கு ஆண்டுக்கு உலகச் சராசரியாகச் சுமார் 2 முதல் 3 மில்லிசீவர்ட் வருகிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த எக்ஸ்ரேயைப் பயந்துகொண்டு எடுக்காமல் விடாதீர்கள். ஆனால் இடுப்பு முதுகெலும்புப் படம் என்றால் கணக்கு மில்லிசீவர்ட் அளவுக்குப் போகிறது. அதில் இரண்டு மடங்கு, அதுவும் தினமும், வருகிற எல்லோருக்கும் என்றால் அது சின்ன விஷயம் கிடையாது.

சரி, படத்தைப் பார்த்துத் தெரியாது என்றால் எதைப் பார்ப்பது? திரையின் ஓரத்தில் ஒரு எண் வரும், எக்ஸ்போஷர் இண்டெக்ஸ். பேனல் எவ்வளவு கதிர் வாங்கியது என்று சொல்கிற எண் அது. முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒரு கணக்கு. ஃபுஜியின் பழைய எஸ் எண்ணில் கதிர் இரண்டு மடங்கானால் எண் பாதியாகும், தலைகீழ். இந்தக் குழப்பம் தீரத்தான் 2008இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் (ஐஇசி) ஒரே சர்வதேச அளவைக் கொண்டுவந்தது. அதோடு டீவியேஷன் இண்டெக்ஸ் என்று இன்னொரு எண்ணும் வந்தது. அது பூஜ்யம் என்றால் குறிவைத்த அளவு கதிர் சரியாகப் போயிருக்கிறது, +1 என்றால் கால்வாசி அதிகம், +3 என்றால் இரண்டு மடங்கு, -3 என்றால் பாதி. இவ்வளவு எளிதாகக் கையில் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் இது வேலை செய்ய ஒவ்வொரு படத்துக்கும் இலக்கு எண்ணை நாம்தான் போட்டு வைக்க வேண்டும். நெஞ்சுக்கு இவ்வளவு, முழங்காலுக்கு இவ்வளவு, குழந்தைக்குத் தனியாக. பல இடங்களில் மெஷின் மாட்டிய அன்று இன்ஜினியர் விட்டுப்போன எண்ணே கிடக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். அப்புறம் திரையில் +6 வந்தாலும் என்ன, -2 வந்தாலும் என்ன. இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. கொலிமேஷன், அதாவது கதிர் விழும் பரப்பைச் சுருக்குவது, தாறுமாறாக இருந்தாலோ, நோயாளி உடம்பில் பெரிய இம்ப்ளாண்ட் இருந்தாலோ மெஷின் தப்பாகக் கணக்குப் போடும். ஒரு படத்தின் எண்ணைவிட ஒரு மாதத்து எண்கள் எந்தப் பக்கம் போகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அடுத்தது ரிஜெக்ட், அதாவது சரியில்லை என்று தள்ளிவிடுகிற படம். ஃபிலிம் காலத்தில் வீணான ஃபிலிமெல்லாம் ஒரு பெட்டியில் சேரும், வெள்ளிக்காக எடைக்கு வாங்க ஆள் வருவார், ஃபிக்ஸர் தண்ணியைக்கூட விடமாட்டார்கள். அந்தப் பெட்டி நிறைகிற வேகத்தைப் பார்த்தே முதலாளிக்கு இந்த மாசம் எத்தனை வீண் என்று தெரிந்துவிடும். இப்போது டெலீட் பட்டன் ஒன்று போதும். நோயாளி இரண்டு தடவை கதிர் வாங்கிவிட்டு ஒரு படத்தோடு வீட்டுக்குப் போகிறார், கணக்கில் ஒன்றுதான் இருக்கும். அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2015இல் வெளியிட்ட அறிக்கை, ரிஜெக்ட் 8 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 10ஐத் தாண்டினால் காரணம் தேடுங்கள் என்கிறது. நம்ம ஊரில் "எங்ககிட்ட ரிப்பீட்டே கிடையாதுங்க" என்று பெருமையாகச் சொல்கிற இடத்தைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். எழுதி வைப்பதில்லை, அல்லது தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் விழுந்த படத்தையும் பரவாயில்லை என்று அனுப்பிவிடுகிறார்கள். ரிஜெக்ட் ஆன ஒவ்வொரு படத்துக்கும் பொசிஷன், அசைவு, நகை, கதிர் அளவு என்று நான்கைந்து காரணங்களில் ஒன்றைக் குறிக்கச் சொன்னால் போதும். எழுத ஆரம்பித்தால் தாலிக்கொடியும் கழுத்துச் செயினும் எத்தனை படத்தைக் கெடுக்கின்றன என்று தெரியவரும். அது மெஷின் கோளாறே இல்லை, உடை மாற்றும் அறையில் ஒரு நிமிஷம் பேசாததன் கோளாறு.

நம் மாவட்டங்களுக்கென்றே இதில் ஒரு விஷயம் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி இது, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். ஆனாலும் பல வருஷம் போர் தண்ணி குடித்த பெரியவர்கள் முதுகு வளையவில்லை, கழுத்து திரும்பவில்லை என்று இன்னும் வருகிறார்கள். எலும்பு ஃபுளோரோசிஸில் முதுகெலும்பு சாக்பீஸ் மாதிரி வெள்ளையாகும், தசைநார்களில் சுண்ணாம்பு படியும், முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவில் உள்ள சவ்வின் ஓரத்தில் முள் முள்ளாகத் தெரியும். ஃபிலிமில், வழக்கமான கதிருக்கு எலும்பு இவ்வளவு வெள்ளையாக நிற்கிறதே என்று டெக்னீஷியனுக்கே உறைக்கும். டிஜிட்டலில் மெஷின் மொத்தப் படத்தையும் சராசரி வெளிச்சத்துக்கு இழுத்துவிடுவதால் அந்த வெள்ளை அடங்கிப்போக வாய்ப்புண்டு. அதனால் வெறும் வெள்ளையை நம்பாமல் முன்கைப் படமும் எடுத்துப் பார்க்கச் சொல்கிற டாக்டர்கள் சரியாகத்தான் செய்கிறார்கள். எலும்பின் அடர்த்தி பற்றி எதுவும் சொல்வதற்கு முன் அந்தப் படம் எந்த செட்டிங்கில் ப்ராசஸ் ஆனது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதே தலைவலி கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் வேலைக்காரர்களின் நெஞ்சுப் படத்திலும் உண்டு. கல்தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸில் ஆரம்பத்தில் தெரிவது மிகச் சின்னச் சின்னப் புள்ளிகள். படம் ஷார்ப்பாக வேணும் என்று யாரோ கேட்டார்கள் என்பதற்காக விளிம்புகளைத் தூக்கிக் காட்டும் எட்ஜ் என்ஹான்ஸ்மென்ட்டைக் கூட்டிவைத்தால் சாதாரண ரத்தக்குழாய்கூடப் புள்ளி புள்ளியாகத் தெரியும், நோயில்லாதவருக்கு நோய் எழுதப்படும். இரைச்சலை, அதாவது படத்தில் விழும் பொரியை, குறைக்கிற செட்டிங்கைக் கூட்டினால் உண்மையான புள்ளியே அழிந்துபோகும். கதிர் குறைந்த படத்தின் பொரியும் கிட்டத்தட்ட நோய்ப் புள்ளி மாதிரித்தான் இருக்கும். தூசி நோய்ப் படங்களை வகைப்படுத்தும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) முறை 2011இலேயே டிஜிட்டல் படங்களை ஏற்றுக்கொண்டது, ஆனால் கண்டபடி மெருகேற்றிய படத்தை அதன் மாதிரிப் படங்களோடு வைத்து ஒப்பிட்டால் எந்த அர்த்தமும் இல்லை. ஒருவருடைய வேலையும் இழப்பீடும் அந்தப் புள்ளிகளைப் பொறுத்திருக்கிறது. சாஃப்ட்வேர் அப்டேட் ஆகும்போதோ இன்ஜினியர் கை வைக்கும்போதோ ப்ராசஸிங் செட்டிங் மாறியதா என்று எழுதி வைக்கிற பழக்கம் எத்தனை இடத்தில் இருக்கிறது?

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் சோதனைதான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, கட்டாயம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி வந்து செய்து, ரிப்போர்ட் வாரியத்தின் இணையதளமான இ-லோராவில் ஏற வேண்டும். டியூபுக்குக் கொடுக்கும் மின்னழுத்தமான கேவி சொன்னபடி வருகிறதா, 5 கேவிக்கு மேல் விலகக் கூடாது. டைமர் 10 சதவீதத்துக்குள், கதிர் விழும் இடமும் லைட் விழும் இடமும் விலகுவது டியூபிலிருந்து பேனல் வரையுள்ள தூரத்தில் 2 சதவீதத்துக்குள், டியூபிலிருந்து கதிர்க் கசிவு ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 மில்லிகிரேக்குள். எல்லாம் அவசியமானவை. ஆனால் அது அன்றைய நிலவரம். மறுநாள் பேனல் கீழே விழுந்தாலும், மின்சாரம் ஏறி இறங்கி எக்ஸ்ரே மெஷினின் ஜெனரேட்டர் கெட்டாலும் சுவரில் மாட்டிய சான்றிதழ் சிரித்துக்கொண்டேதான் இருக்கும். நடுவில் இருக்கிற நாட்கள் நம் பொறுப்பு.

அதற்குப் பெரிய செலவு ஒன்றும் கிடையாது. காலையில் டியூபை வார்ம்-அப் செய்யாமல் முதல் நோயாளிக்கே பெரிய எக்ஸ்போஷர் கொடுக்காதீர்கள், டியூபுக்குள் சில்லென்று கிடக்கும், கதிர் உண்டாகிற ஆனோடு விரிசல் விடும், அதன் விலை உங்களுக்கே தெரியும். சிஆர் என்றால் இரவெல்லாம் கிடந்த பிளேட்டுகளை முதலில் எரேஸ் செய்யுங்கள், அது இயற்கைக் கதிரையும் சேர்த்து வைத்திருக்கும். எதுவும் வைக்காமல் ஒரு ஷாட் அடித்துப் பார்த்தால் கோடு, தூசி, செத்த பிக்ஸல் எல்லாம் தெரியும். குவாரிப் பக்கம் இருக்கிற சென்டர்களில் கேசட்டுக்குள் போகிற தூசி கொஞ்சநஞ்சமில்லை. பேனலுக்குக் கம்பெனி சொன்ன கேலிப்ரேஷனைச் சொன்ன நாளில் செய்யுங்கள், ஏசி ஓடாத மே மாதத்தில் இன்னும் கவனம்.

லைட் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு ரூபாய்க் காசுகள் போதும். பேனலை 100 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்து, லைட் விழும் சதுரத்தின் நாலு ஓரத்திலும் இரண்டிரண்டு காசு, ஒன்று விளிம்புக்கு உள்பக்கம் ஒட்டி, ஒன்று வெளிப்பக்கம் ஒட்டி. ஷாட் அடித்தால் கதிர் எங்கே விழுந்தது என்று காசுகளே சொல்லிவிடும். 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். கூடவே ஒன்று: பெரிதாகத் திறந்து எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் கத்தரித்து அழகாக்குவது கொலிமேஷன் கிடையாது. கதிர் ஏற்கனவே உடம்புக்குள் போயாச்சு. குழந்தைகளுக்கு நெஞ்சு கேட்டால் தலையிலிருந்து இடுப்புவரை எடுத்துவிட்டுப் பிறகு வெட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வலம் இடம் குறிக்கவும் ஈய மார்க்கரையே வையுங்கள். பிற்பாடு மவுஸில் தட்டிய எழுத்து, படத்தைத் திருப்பிப் போட்ட பிறகு தட்டப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது.

வாட்ஸப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மானிட்டரைச் செல்போனில் படம் பிடித்து, சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கிற டாக்டருக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்பது இங்கே தினசரி நடக்கிறது. டியூப்லைட் பிரதிபலிப்பு, சாய்வு, வாட்ஸப் சுருக்கியது எல்லாம் போக மீதியில் மெல்லிய எலும்பு முறிவும் நுரையீரலைச் சுற்றிய லேசான காற்றுக்கசிவும் தப்பிப்போகும். அவசரத்துக்கு அனுப்புங்கள், ஆனால் மெஷின் தரும் ஒரிஜினல் டைகாம் ஃபைலையும் அனுப்ப வழி செய்யுங்கள். மானிட்டரே ஒழுங்காக இருக்கிறதா என்று எஸ்எம்பிடிஇ டெஸ்ட் படத்தைப் போட்டுப் பாருங்கள், வெளிச்சம் 0, 5 சதவீதம் என்றும், 95, 100 சதவீதம் என்றும் உள்ள சின்னக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரியவில்லையென்றால் படத்தில் தெரியாதவையும் அந்த அளவுக்கு உண்டு.

கடைசியாக, நோட்டில் எழுதும் எண் எதற்கு உதவும் என்பதற்கு ஒன்று. ஒரு சென்டரில் வாரம் ஒருமுறை டியூப் முன்னால் ஒரு செம்புத் தகட்டை மாட்டி, ஒரே கேவி, ஒரே எம்ஏஎஸ், ஒரே தூரத்தில் ஷாட் அடித்து எக்ஸ்போஷர் இண்டெக்ஸ் எண்ணைக் குறித்து வருகிறார்கள். நோயாளிகளின் முதுகெலும்புப் படங்களில் எண் ஏறிக்கொண்டே போனது, தகட்டின் எண்ணோ அசையவில்லை. அப்படியானால் டியூபிலும் பேனலிலும் கோளாறு இல்லை, எக்ஸ்போஷர் கொடுக்கும் விதத்தில்தான் ஏதோ மாறியிருக்கிறது. ஷிஃப்ட் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஏற்றம் முழுக்க இரவில். தொப்பூர் கணவாய் விபத்துக் கேஸ்கள், ஸ்ட்ரெச்சரை விட்டு அசைக்க முடியாதவர்கள், இரண்டாவது ஷாட்டுக்கு இடமில்லாத அவசரம், அதனால் ஒன்றிலேயே முடியட்டும் என்று இரவு டெக்னீஷியன் தம்பி எம்ஏஎஸ்ஸைத் தூக்கியிருக்கிறார். அவரைத் திட்டி ஒன்றும் ஆகாது. ஸ்ட்ரெச்சர் நோயாளிக்கென்று தூரமும், சிதறும் கதிரைத் தடுக்கும் கிரிட்டும், எம்ஏஎஸ்ஸும் குறித்துத் தனி சார்ட் ஒன்று தயார் செய்து கன்சோல் பக்கத்தில் ஒட்டினார்கள், அடுத்தடுத்த வாரங்களில் எண் இறங்கியது.