ஃபோட்டோஷாப் திணறுவது ஏன்? பிரிஃபரன்சஸ் சாளரத்துக்குள் ஒரு நடை

பிரிக்ஃபீல்ட்ஸில் திருமண ஆல்பம் செய்கிறவர்களிடமும் பினாங்கு லிட்டில் இந்தியாவில் பேனர் வடிவமைப்பவர்களிடமும் பேச்சுக் கொடுத்தால் ஒரே மாதிரிப் புகார்கள்தாம் வரும். ஃபோட்டோஷாப் திணறுகிறது. ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. திரையில் பளிச்சென்றிருந்த பட்டுச் சேலை அச்சில் மங்கிப்போகிறது. ‘கொடி’ என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கிறது. பழி கணினி மேலோ, படம் அச்சிடும் லேப் மேலோ, எழுத்துரு மேலோ போகும். காரணமோ பெரும்பாலும் யாரும் திறந்தே பார்க்காத அமைப்புச் சாளரங்களில் இருக்கும்.

விண்டோஸில் கண்ட்ரோலும் கே விசையும், மேக்கில் கமாண்டும் கே விசையும் அழுத்தினால் பிரிஃபரன்சஸ் திறக்கும். முதலில் ஒரு விஷயம்: இங்கே மாற்றுவதெல்லாம் மென்பொருளை முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதப்படுகிறது. மாற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்து, நடுவில் மின்சாரம் போனால் மாற்றங்களும் போய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை நேர இடி மழை தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். அமைப்புகளை மாற்றியதும் ஒரு முறை மூடித் திறந்துவிடுங்கள். அப்படியே ஃபைல் ஹேண்ட்லிங் பகுதியில் ஆட்டோ சேவ் இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாகக் குறைத்துவிடலாம்.

இனி நினைவகம், அதாவது ரேம். 24 மெகாபிக்சல் கேமரா தரும் படம் 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) என மூன்று எண்கள். 8 பிட்டில் எண்ணுக்கு ஒரு பைட். மொத்தம் 72 எம்பி. 16 பிட்டில் அதுவே 144 எம்பி. வட்டில் 10 எம்பி ஜேபெக்காகக் கிடந்த படம் திறந்தவுடன் இவ்வளவு இடம் பிடிப்பது இதனால்தான்: ஜேபெக்கின் சுருக்கமெல்லாம் வட்டில் இருக்கும்வரைதான், திருத்துவதற்கு ஒவ்வொரு பிக்சலும் விரிந்தாக வேண்டும்.

பேனரில் இந்தக் கணக்கு இன்னும் பெரிதாகிறது. தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிற தண்ணீர்ப்பந்தல் குழுவொன்று 10 அடிக்கு 4 அடி பேனர் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். யூனிட்ஸ் அண்ட் ரூலர்ஸ் பகுதியில் அச்சுக்கான ரெசல்யூஷன் ஆரம்பத்திலிருந்தே அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று இருக்கும். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் 120 அங்குலம் 36,000 பிக்சலாகவும் 48 அங்குலம் 14,400 பிக்சலாகவும் ஆகிவிடும். முழுதாக நிரம்பிய ஒரே ஒரு லேயர் 8 பிட் ஆர்ஜிபியிலேயே 1.5 ஜிபியைத் தாண்டும். ஃபோட்டோஷாப்பின் வழக்கமான பிஎஸ்டி கோப்பாகச் சேமிக்கவும் முடியாது. அதற்கு ஒரு பக்கத்துக்கு 30,000 பிக்சல்தான் எல்லை, பெரிய கோப்புகளுக்கான பிஎஸ்பி வடிவத்துக்கு மாற வேண்டியிருக்கும். அதே பேனரை 100-இல் அமைத்தால் 12,000 பெருக்கல் 4,800. லேயருக்கு 173 எம்பி, ஒன்பதில் ஒரு பங்கு. சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கிற பேனரில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற கண் யாருக்கும் இல்லை. 300 என்பது கையில் பிடித்துப் பார்க்கும் 4ஆர், 8ஆர் படங்களுக்கும் பாஸ்போர்ட் படத்துக்கும் உரிய எண்.

பெர்ஃபார்மன்ஸ் பகுதியில், இருக்கிற ரேமில் ஃபோட்டோஷாப் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு நகர்த்தி இருக்கும். தொடக்கத்தில் 70 விழுக்காடு. படம் அதற்குள் அடங்காதபோது மிச்சத்தை ஸ்க்ராட்ச் டிஸ்க் எனப்படும் வட்டுப் பகுதியில் தற்காலிகக் கோப்பாக எழுதி வைத்து, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். நீங்கள் உணர்கிற திணறல் இந்தப் போக்குவரத்துதான். அப்படியானால் நகர்த்தியை 100-க்குத் தள்ளிவிட்டால் என்ன? விண்டோஸுக்கும் பிரவுசருக்கும் ரேம் போதாமல் அவையும் தம் பங்குக்கு வட்டில் எழுதத் தொடங்கும். ஒரே வட்டில் இரண்டு பேர் மாறி மாறி எழுதினால் முன்பைவிட மோசம். 85-ஐத் தாண்டாமல் நிறுத்துவது நல்லது. நகர்த்திக்கு மேலேயே உகந்த எல்லையைக் காட்டியிருப்பார்கள்.

உங்கள் கணினிக்கு ரேம் போதுமா என்று ஊகிக்கத் தேவையில்லை. படச் சாளரத்தின் கீழ்விளிம்பில் உள்ள சிறு அம்பைச் சொடுக்கி எஃபிஷியன்சியைத் தேர்ந்தெடுத்து வையுங்கள். 100 என்று நின்றால் எல்லாம் ரேமிலேயே நடக்கிறது. குறைந்தால் வட்டுக்குப் போய் வருகிறது. அன்றாட வேலையில் 90-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால்தான் லோ யாட் பிளாசாவுக்குப் போய் ரேம் வாங்குவதில் அர்த்தம் உண்டு. 100-லேயே நின்றுகொண்டிருக்கிற கணினிக்குக் கூடுதல் ரேம் வாங்கினால் வெள்ளிதான் வீண்.

ஸ்க்ராட்ச் டிஸ்காக எஸ்எஸ்டியையே கொடுங்கள். பல ஜிபி காலியாக இருக்கட்டும். யூஎஸ்பியில் தொங்குகிற வெளிவட்டைக் கொடுத்தால் வேகமும் குறையும், கேபிள் தளர்ந்தால் வேலையும் போகும். ‘நிரம்பிவிட்டது’ என்று சொல்லி மென்பொருள் திறக்கவே மறுத்தால், திறக்கும்போது கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் அழுத்திப் பிடியுங்கள். வேறு வட்டைத் தேர்ந்தெடுக்கும் சாளரம் வரும். காலி இடம் மாயமாகக் குறைந்துகொண்டே போனால், மென்பொருள் திடீரென்று நின்றபோது அழியாமல் தங்கிவிட்ட தற்காலிகக் கோப்புகளைத் தேடிப் பாருங்கள். ‘ஃபோட்டோஷாப் டெம்ப்’ என்று பெயர் தொடங்கும். ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு அழித்துவிடலாம்.

பின்னோக்கிப் போக எத்தனை படிகளை வைத்திருக்கலாம் என்பதைச் சொல்லும் ஹிஸ்டரி ஸ்டேட்ஸ் தொடக்கத்தில் 50. மணப்பெண்ணின் முகத்தில் ஒரு பருவை நீக்கினால் ஃபோட்டோஷாப் முழுப் படத்தையும் மறுபடி சேமித்து வைப்பதில்லை. படம் சதுரத் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மாறிய துண்டுகள் மட்டுமே சேரும். ஆனால் நாய்ஸ் குறைப்பு போன்ற ஃபில்டர் எல்லாத் துண்டையும் மாற்றும். 144 எம்பி படத்தில் முழுப் படத்தையும் தொடுகிற 50 படிகள் என்றால் 7 ஜிபிக்கு மேல். ஆக, பிரஷால் நுணுக்கமாகத் திருத்துகிறவர் எண்ணை 100-க்கு உயர்த்தினாலும் பாதகமில்லை. பெரிய பேனரில் ஃபில்டர் மேல் ஃபில்டர் போடுகிறவர் 20-க்கு இறக்குவதே புத்திசாலித்தனம்.

கேச் லெவல்ஸ் என்பது திரையில் காட்டுவதற்கென்று படத்தின் 50, 25, 12.5 விழுக்காட்டுச் சிறிய நகல்களை முன்கூட்டியே செய்து வைப்பது. பெரிய படத்துக்கு 6, ஏராளமான சிறு லேயர்கள் கொண்ட வடிவமைப்புக்கு 2, மற்றபடி இருக்கிற 4 போதும். இதிலிருந்து கிடைக்கும் பாடம் வேறு: 50 விழுக்காட்டு ஜூமில் நீங்கள் பார்ப்பது சுருக்கிய நகலை. ஷார்ப்னஸை 100 விழுக்காட்டு ஜூமில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வண்ணம் பிரிஃபரன்சஸில் இல்லை. எடிட் மெனுவில் கலர் செட்டிங்ஸ் என்று தனியாக இருக்கிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், கே. ஒரு பிக்சலில் இருப்பது எண்தான். அந்த எண் எந்தச் சிவப்பு என்பதைச் சொல்வது ப்ரொஃபைல். எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி என்பவை அப்படி இரண்டு. எஸ்ஆர்ஜிபியில் 255, 0, 0 என்கிற சிவப்பை அடோபி ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. நிறம் ஒன்றுதான், எழுதும் முறைதான் வேறு. ப்ரொஃபைல் இல்லாமல் இந்தக் கோப்பு கடைக்குப் போனால், அங்குள்ள கருவி எஸ்ஆர்ஜிபி என்று எடுத்துக்கொண்டு 219-ஐ அப்படியே அச்சிடும். கூறைச் சேலையின் சிவப்பு ஒரு படி இருண்டு வரும். எஸ்ஆர்ஜிபியின் முழுப் பச்சையோ 144, 255, 60 ஆகியிருக்கும். அதைத் தவறாகப் படித்தால் பந்தலின் வாழையிலை வெளிறிப்போகும். லேப்காரர் மேல் குற்றமில்லை.

ஆகவே வொர்க்கிங் ஸ்பேஸ் ஆர்ஜிபிக்கு எஸ்ஆர்ஜிபி. கீழே பாலிசிஸில் ‘ப்ரிசர்வ் எம்பெடட் ப்ரொஃபைல்ஸ்’. ப்ரொஃபைல் பொருந்தாதபோதும் இல்லாதபோதும் கேட்கச் சொல்லும் பெட்டிகளில் டிக். அடோபி ஆர்ஜிபியில் வந்த படத்தை மாற்றக் ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ பயன்படுத்துங்கள். அது எண்களைத் திருத்தி நிறத்தைக் காப்பாற்றும். அதன் பக்கத்திலேயே இருக்கிற ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களை விட்டுவிட்டு நிறத்தை மாற்றும். பெயர் ஒன்றுபோல் இருப்பதால் கை தவறுவது இங்கேதான். அச்சு மொத்தமாக இருட்டாக வந்தால் அது ப்ரொஃபைல் அல்ல, திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாகத் தமிழ். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன்பின் ஒரு உயிர்க்குறியும். வரையும்போது அந்த ஒரே குறி கொம்பாகவும் காலாகவும் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். லத்தீன் எழுத்துக்கும் கிழக்காசிய எழுத்துக்கும் செய்த, ஃபோட்டோஷாப்பின் பழைய எழுத்து இயந்திரத்துக்கு, அதாவது எழுத்தை வரையும் பகுதிக்கு, இந்த வேலை தெரியாது. உங்களிடம் இருப்பது பழைய பதிப்பானால், பிரிஃபரன்சஸின் டைப் பகுதியில் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, புதிய ஆவணத்தில் தட்டிப் பாருங்கள். சில பதிப்புகளில் அதன் பெயர் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’. முன்பே இருக்கிற கோப்பில் எழுத்து தானாகச் சரியாகாது. அந்த டெக்ஸ்ட் லேயரைத் தேர்ந்து, பாராகிராஃப் பலகத்தின் மூலை மெனுவில் இதே தெரிவைக் கொடுக்க வேண்டும். ‘கௌரி, பொங்கல், மோதிரம், கை’ என்ற நான்கு சொற்கள் சரியாக வந்தால் மற்றதெல்லாம் பெரும்பாலும் வந்துவிடும். அச்சுக்கடையில் பழைய பதிப்பு இருக்கலாம். அங்கே யாராவது அந்த லேயரைத் தொட்டால் எழுத்து மறுபடி உடையும். டெக்ஸ்டை ஷேப்பாக மாற்றிய நகலைக் கொடுங்கள், மூலக்கோப்பு உங்களிடமே இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் மென்பொருள் விநோதமாக நடந்துகொண்டால், கருவிகள் காணாமல் போவது, பலகங்கள் இடம் மாறுவது போன்றவை, அமைப்புக் கோப்பு கெட்டிருக்கலாம். திறக்கும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திப் பிடித்தால் அதை அழிக்கவா என்று கேட்கும். ஆம் என்றால் மேலே சொன்ன அத்தனையும் பழைய எண்களுக்குத் திரும்பிவிடும். அதனால் எல்லாம் சரியாக ஓடும் ஒரு நாளில், ஃபோட்டோஷாப்பை மூடிவிட்டு, விண்டோஸின் ஆப்டேட்டா, ரோமிங், அடோபி வழியாகப் போய் உங்கள் பதிப்பின் செட்டிங்ஸ் ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.