உதறல்: கிளட்சின் நோய்க்கு ஏற்ற தமிழ்ச் சொல்

முதல் கியரைப் போட்டுவிட்டு, கிளட்சை மிதித்த காலை மெல்ல எடுக்கிறீர்கள். வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஆனால் நனைந்த நாய் உடம்பைச் சிலுப்புகிற மாதிரி கடகடவென்று ஆடி, பல்லெல்லாம் தட்டி, அப்புறம்தான் நகர்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆங்கிலத்தில் இதை 'ஜடர்' என்பார்கள்.

ஜடர் பழைய சொல் அல்ல. 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் வழக்குக்கு வந்தது. நடுக்கத்தைக் குறிக்கும் 'ஷடர்' என்ற சொல்லின் வாலுக்கு முன்னால், திடுக்கென்ற ஆட்டத்தைக் குறிக்கும் 'ஜார்', 'ஜோல்ட்' போன்றவற்றின் முதலெழுத்து ஒட்டிக்கொண்டது என்பார்கள். அந்த ஆட்டத்தைக் காதால் கேட்டு உண்டாக்கிய சொல் என்றே தோன்றுகிறது.

தமிழில் எழுதும்போது பலரும் 'அதிர்வு' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். தப்பில்லை, ஆனால் போதாது. காரில் எல்லாம்தான் அதிர்கிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் அது சக்கரத்தின் சமநிலைக் கோளாறு. அதற்கு நடுக்கம் என்ற சொல் சரி. பள்ளத்தில் விழுந்து ஏறினால் குலுக்கல். கியரை முரட்டுத்தனமாக மாற்றினால் ஒரே ஒரு ஜெர்க். கிளட்சில் வருவது இவை எதுவும் இல்லை. காலை எடுக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்குள் மட்டும், நொடிக்குப் பத்து இருபது தடவை, பிடித்து விட்டு, பிடித்து விட்டு வருகிற ஆட்டம் அது.

அந்தப் பிடித்தலும் விடுதலும் கிளட்ச் என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது. விரல்களை மடக்கி இறுகப் பற்றுவதைக் குறித்த பழைய ஆங்கில வினைச்சொல்தான் அதன் வேர். ஓடும் தண்டோடு இன்னொன்றைச் சேர்க்கவும் பிரிக்கவுமான கருவிக்கு இப்பெயர் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. கார் பிறகுதான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், நாம் பைக்கில் 'கிளட்சைப் பிடி' என்று சொல்கிற நேரத்தில் உள்ளே கிளட்ச் பிடியை விடுகிறது! கலைச்சொல்லாக 'உரசிணைப்பி' என்றும் 'விடுபற்றி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு விடுபற்றிதான் பிடிக்கும். உரசாமல் பல்லோடு பல் கோத்து இணைகிற கிளட்சும் உண்டு, அதற்கு உரசிணைப்பி பொருந்தாது. ஆனாலும் பட்டறையில் போய் விடுபற்றி என்றால் டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். அங்கே கிளட்ச் கிளட்ச்தான்.

ஜடருக்கு மட்டும் பட்டறையிலேயே தமிழ் இருக்கிறது: "வண்டி உதறுது."

உதறு என்றால் நடுங்கு என்றும் பொருள். குளிரில் உடம்பு உதறும், பயத்தில் உதறல் எடுக்கும். உதறு என்றால் விட்டெறி என்றும் பொருள். ஒட்டிய மண்ணை உதறுவோம், உறவையும் உதறுவோம். இரண்டும் சேர்ந்தால் கிளட்ச் பிளேட்டின் கதை. அது எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கும், தன்னை அதோடு சேர்த்து அழுத்தும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் முதலில் வழுக்கி, பிறகு பிடிக்க வேண்டும். வழுக்கும் வேகம் குறையக் குறையப் பிடிப்பு திடீரென்று கூடினால் பிளேட் கவ்வும், கவ்வியதும் பின்னால் உள்ள தண்டுகள் முறுக்கிக்கொள்ளும், முறுக்கு தாங்காமல் பிளேட் நழுவும், மறுபடி கவ்வும். லைனிங்கில், அதாவது பிளேட்டின் உரசும் பரப்பில், எண்ணெய் பட்டிருந்தாலோ அது கண்ணாடிபோல வழவழத்துப்போயிருந்தாலோ இந்த ஆட்டம் சீக்கிரம் தொடங்கும்.

என் நண்பர் ஒருவர் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பழைய கார் ஒன்றைப் புதுப்பித்தார். பிரிட்டனின் ட்ரையம்ப் ஹெரால்டுதான் அது. 1961 முதல் இங்கே வண்டலூர்ப் பக்கம் தயாரானது. கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் கிராஸ் ஜாயின்ட் எல்லாம் பிரித்துச் சேர்த்தார். கிளட்ச் பிளேட்டும் புதிது. வண்டி உதறியது. இன்னொரு பிளேட் மாற்றினார். ஹெரால்டில் இது லேசான வேலையில்லை. சீட்டைக் கழற்றி, நடுமேட்டு மூடியை எடுத்து, கியர்பாக்ஸைக் காருக்குள்ளிருந்தே தூக்க வேண்டும். மறுபடியும் உதறியது.

கடைசியில் வந்த வயதான மெக்கானிக் எதையும் கழற்றவில்லை. ஹெரால்டின் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகச் சாயும், எஞ்சின் முழுசாகத் தெரியும். கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்லிவிட்டுப் பக்கவாட்டில் நின்று பார்த்தார். "தம்பி, எஞ்சினே எந்திரிச்சு எந்திரிச்சு உக்காருது பாருங்க. ரப்பர் செத்துப் போச்சு. பிளேட்டை எத்தன தடவ மாத்துவீங்க?" எஞ்சினைத் தாங்கும் ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது.

மூன்றாம் முறை பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. ஃப்ளைவீலின் முகத்தில் நீலநீலமாக நான்கைந்து திட்டு. சூடேறி இறுகிப்போன இடங்கள் அவை. முதல் தடவை லேத்தில் சீவியிருக்கிறார்கள். உளி அந்தத் திட்டு வரும்போது மேலே ஏறி இறங்கிப் போயிருக்கிறது. அதனால் அவை மேடாகவே நின்றன. இந்த முறை கிரைண்டிங்கில் கொடுத்துச் சமமாக்கினார்கள். கிளட்சை மூடியிருக்கும் கூட்டுக்குள் இருந்த பழைய தூசியைக் காற்றடிக்காமல் ஈரத்துணியால்தான் துடைத்தார் பெரியவர். அந்தக் காலத்து லைனிங்கில் மூச்சில் போகக்கூடாத ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்.

அதன் பிறகு வண்டி சத்தமில்லாமல் கிளம்பியது. அவர் கொடுத்த துண்டுச் சீட்டை நண்பர் இன்னும் வைத்திருக்கிறார். பால்பாயின்ட் பேனாவில் இப்படி இருக்கும்: 'கிளட்ச் உதறல். எஞ்சின் ரப்பர் 2. ஃப்ளைவீல் கிரைண்டிங். பழைய பிளேட்டே போதும்.'