மைக்கறைக்குத் தின்னரைத் தொடாதீர்கள்

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீடு. "தம்பி, வாஷிங் மெஷின் ஓட மாட்டேங்குது, வந்து பாருங்க" என்று மட்டும்தான் அந்த அக்கா போனில் சொன்னார். வீட்டுக்குள் நுழைந்ததும் குப்பென்று பெயிண்ட் தின்னர் வாடை. மகனின் பள்ளிச் சட்டைப் பையில் இருந்த பேனா உடைந்து, டிரம் முழுக்க நீலம். ஹார்ட்வேர் கடையில் தின்னர் வாங்கித் தேய்த்துவிட்டு, கதவை மூடி வெந்நீரில் ஓடவிடப் பார்த்திருக்கிறார். தின்னர் பட்டுக் கதவு ரப்பர் உப்பிவிட்டது, கதவு பூட்டவில்லை. நல்லவேளை, பூட்டவில்லை.

இந்த மாதம் இது எனக்கு மூன்றாவது வீடு.

வாடை தூக்கலாக இருந்தால் சுத்தமும் நன்றாக இருக்கும் என்று யார் சொன்னது? தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எல்லாம் மையைக் கரைக்கும், உண்மைதான். கூடவே பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஐஸ் பெட்டியின் உள்சுவரில் தேய்த்தால் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும். சில நாளில் முடி முடியாக வெடிப்பு விடும். அதை ஒட்டவும் முடியாது, அந்தச் சுவரை மட்டும் தனியாக மாற்றவும் முடியாது. ஆவியோ காற்றைவிடக் கனமானது. டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். மோட்டாரிலோ, உள்ளே மின்சாரத்தை விட்டு நிறுத்தும் ரிலேயிலோ ஒரு பொறி போதும்.

ப்ளீச்சும் வேண்டாம். பேனா மைக்கு அது சரிப்படாது, எவர்சில்வர் டிரம்மை அரித்துவிடும். அதோடு வினிகரைக் கலந்தால் வருவது குளோரின் வாயு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பால்பாயிண்ட் மைக்கு வீட்டில் இருக்கும் கைச்சுத்திகரிப்பான் போதும், 70 சதவீத ஆல்கஹால் உள்ளது. முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. அதைத் துணியில் விடுங்கள், பொத்தான்கள் இருக்கும் பலகையில் நேராகத் தெளிக்காதீர்கள். அங்கே அச்சடித்த எழுத்தும் அழிந்துவிடும். மறைவான ஓரத்தில் தொட்டுப் பார்த்த பிறகு, ஒற்றி ஒற்றி எடுங்கள். துணியைத் திருப்பிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் மை பரவும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர். ஜெல் பேனா என்றால் சோப்பிலேயே தொடங்கலாம்.

ஆல்கஹாலும் தீப்பிடிக்கும் பொருள்தான். சில கைச்சுத்திகரிப்பான்களில் இருப்பது ஐசோபுரோபைல் ஆல்கஹால்; கலப்பில்லாமல் இருந்தால், ஒரு பொறி பட்டதும் அதன் ஆவி 12 டிகிரியிலேயே பற்றும். நம் கோலாலம்பூர் பகலில் 30 டிகிரியைத் தாண்டும். அடுப்பு எரியும்போது பக்கத்தில் வைத்துத் துடைக்காதீர்கள். டிரம்மைத் துடைத்த பிறகு வாடை முழுவதும் போகும்வரை கதவைத் திறந்தே வையுங்கள். பிறகு பழைய வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு ஓட விடுங்கள். அது வெள்ளையாகவே வந்தால், பிளாஸ்டிக்கில் ஊறி நிற்கும் லேசான நீலத்தை விட்டுவிடலாம்.

ஏற்கெனவே தின்னர் ஊற்றிவிட்டீர்களா? எந்தச் சுவிட்சையும் தொடாதீர்கள், அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், சன்னல்களைத் திறந்துவிடுங்கள். எங்களை அழைக்கும்போது அதை முதலில் சொல்லுங்கள். திட்ட மாட்டோம். மெஷின் ஓடவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டு வருகிறவன், வந்ததும் முதல் வேலையாக அதை ஆன் செய்துதான் பார்ப்பான்.